கூரை உண்டு, வீடு இல்லை

வட்டவடைச் சாலையின் இருபுறமும் உள்ள லயங்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்த் தொழிலாளர்கள், எந்தக் கணக்கிலும் சேராத வீடற்றவர்கள்

மூணாறிலிருந்து வட்டவடைக்குச் சுமார் 45 கிலோமீட்டர். மாட்டுப்பட்டி அணை, குண்டளை, எல்லப்பட்டி, டாப் ஸ்டேஷன், பாம்பாடும் சோலை என்று வழியில் வரும் இடங்களை ஜீப் டிரைவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். யானை மேயும் புல்வெளி எது, படகு விடும் ஏரி எது, காரட் கட்டு விற்கும் கடை எது என்று காட்டுவார்கள். தேயிலைச் சரிவுகளின் மடிப்பில், ரயில் பெட்டிகளை இறக்கி வைத்தது போல நீளமாகக் கிடக்கும் கூரைகளை மட்டும் யாரும் கை நீட்டிக் காட்டுவதில்லை. அவைதான் லயங்கள்.

லயம் என்பது ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தடுக்கப்பட்ட குடியிருப்பு. முன்னால் ஒடுங்கிய திண்ணை, நடுவில் ஓர் அறை, பின்னால் அடுப்புக்கு ஓர் இடம். அப்பா, அம்மா, படிக்கிற பிள்ளைகள், கல்யாணமான மகன், மருமகள் எல்லோருக்கும் அதுவே வீடு. மழைக்காலத்தில் ஈர விறகின் புகையும் காயாத துணியும் கைக்குழந்தையும் அந்த ஓர் அறைக்குள்தான். பல லயங்கள் வெள்ளைக்காரத் துரைகளின் காலத்தில் கட்டப்பட்டவை. கூரை மாறியிருக்கிறது. சில இடங்களில் கழிப்பறை வந்திருக்கிறது. அறையின் அளவு மாறவில்லை.

மாறாத இன்னொன்றும் உண்டு. இந்த வீடுகள் குடியிருப்பவர் எவருக்கும் சொந்தமில்லை. பணம் கொடுத்து எடுத்த வாடகை வீடும் இல்லை. கொழுந்து பறிப்பதற்காகக் கிடைத்த கூரை இது. பெயர்ப் பதிவேட்டில் பெயர் இருக்கும் வரை கூரை இருக்கும். ஐம்பதுகளின் இறுதியில் ஓய்வு பெறும் தொழிலாளி சாவியையும் திருப்பித் தர வேண்டும். முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் விளக்கேற்றிய அறையை விட்டு அவர் எங்கே போவார் என்ற கேள்விக்கு, தோட்டம் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டை நெருங்கும் இன்றும் பதிலில்லை.

யார் வீடற்றவர்?

வீடற்றவர் என்றால் நம் மனதில் வருவது நகரத்துக் காட்சி. சென்னை சென்ட்ரலுக்கு வெளியே நடைபாதையில் படுத்திருப்பவர்கள், மேம்பாலத்தின் கீழே அடுப்பு மூட்டுபவர்கள். மேலை நாடுகளில் அது நிலத்துக்கு அடியிலும் போனது. நியூயார்க் நகரின் ரிவர்சைடு பூங்காவுக்குக் கீழே ஓடும் ரயில் சுரங்கத்தில், 1980களிலும் 90களிலும் பலகைக் குடிசை கட்டி ஒரு சமூகமே வாழ்ந்தது. 1991-ல் அந்தப் பாதையில் மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியதும் அவர்களை வெளியேற்றும் வேலை ஆரம்பித்தது. கடைசியில் பலருக்கு வாடகை உதவி கொடுத்து மேலே குடிவைத்தார்கள். சூதாட்ட விடுதிகள் மின்னும் லாஸ் வேகாஸ் நகரத்தின் அடியில், மழைநீர் வடிகால் சுரங்கங்களில் இன்றும் நூற்றுக்கணக்கானோர் கட்டில் போட்டு வாழ்கிறார்கள். பாலைவன ஊரில் எப்போதாவது பெய்யும் மழை அவர்களை நள்ளிரவில் அடித்துச் சென்றிருக்கிறது.

இந்தியாவிலும் அரசாங்கத்தின் பார்வை ஏறக்குறைய இதேதான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் இலக்கணப்படி, திறந்தவெளி, நடைபாதை, பெரிய சிமென்ட் குழாய், மேம்பாலத்தின் அடி, மாடிப்படியின் அடி, கோயில் மண்டபம், ரயில் நிலைய நடைமேடை போன்ற இடங்களில் வசிப்பவர்களே வீடற்றவர்கள். 2011 கணக்கெடுப்பில் இப்படி நாடு முழுவதும் 17.7 லட்சம் பேர் எண்ணப்பட்டார்கள். குழாய்க்குள் படுப்பவர் இந்தக் கணக்கில் வருவார். லயத்தில் படுப்பவர் வரமாட்டார். அவர் தலைக்கு மேல் கூரை இருக்கிறது.

சுரங்கவாசிக்கு இல்லாத பல வசதிகள் லயத்துக்காரருக்கு உண்டு. கூலி உண்டு, ரேஷன் அட்டை உண்டு, ஓட்டு உண்டு. ஆனால் இரண்டு பேருக்கும் பொதுவானது ஒன்று: தாங்கள் தூங்கும் இடத்தின் மீது இருவருக்கும் எந்த உரிமையும் இல்லை. இன்னொருவரின் ஒரு முடிவு போதும், மூட்டை கட்ட.

மலை கைமாறிய கதை

ஜூலை 11, 1877. கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயருக்கு எழுதிக்கொடுத்தார் பூஞ்ஞாறு அரசர். 227 சதுர மைல். விலை 5,000 ரூபாய், ஆண்டுக் குத்தகை 3,000 ரூபாய். காப்பியும் சின்கோனாவும் முயன்று பார்த்து, கடைசியில் தேயிலையில் நிலைத்தார்கள். 1897-ல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. பிறகு அது டாட்டா ஃபின்லே, டாட்டா டீ என்று மாறி, 2005-ல் தொழிலாளர்களும் பங்குதாரர்களாக உள்ள கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் கம்பெனியாக ஆனது.

காடு வெட்டவும் செடி நடவும் கங்காணிகள் ஆள் பிடித்தது திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளில். போடிநாயக்கனூர் வழியாகக் குரங்கணி வந்து, அங்கிருந்து செங்குத்தாக மலை ஏறினார்கள். தேயிலைக்கு இருந்த வசதி அவர்களுக்கு இல்லை. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை சின்ன ரயிலிலும், அங்கிருந்து கம்பிவட வழியாகக் கீழேயும் பெட்டி பெட்டியாக இறங்கியது தேயிலை. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துப் போய்விட்டது. டாப் ஸ்டேஷன் என்ற பெயரும் லயங்களும் மிஞ்சின.

சுதந்திரத்துக்குப் பிறகு 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வீடு கொடுத்துப் பராமரிப்பது தோட்ட முதலாளியின் கடமை என்றது அதன் 15-வது பிரிவு. அன்று அது பெரிய பாதுகாப்பு. அதே பாதுகாப்புதான் வீட்டை வேலையோடு சேர்த்து முடிச்சுப் போட்டது. வீடு சட்டப்படி முதலாளியின் கடமை ஆனதால், தொழிலாளியின் உரிமையாக அது ஆகவே இல்லை. 1981-ல் செய்த திருத்தம், லயம் இடிந்து விழுந்து யாராவது செத்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்றது. ஆனால் அது முழுக்க இயற்கைச் சீற்றத்தால் என்றால் அந்தப் பொறுப்பில்லை என்றும் எழுதி வைத்தது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்பு வந்திருக்கிறது. அதிலும் வீடு, குடிநீர், சமையலறை, கழிப்பறை தருவது முதலாளியின் கடமை. ஓய்வுக்குப் பிறகு எங்கே என்ற இடம் அதிலும் காலி.

வேடிக்கை என்னவென்றால் இது நடப்பது கேரளத்தில். நாட்டிலேயே நிலச் சீர்திருத்தத்தை ஓரளவேனும் ஒழுங்காகச் செய்த மாநிலம் அது. 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால், பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த லட்சக்கணக்கான குடும்பங்களுக்கு அந்தக் குடிசையும் அதைச் சுற்றிய நிலமும் சொந்தமாயின. கிராமம் என்றால் 10 சென்ட் வரை. ஆலப்புழைப் பக்கத்து வயல் கூலியின் வீட்டு முற்றத்தில் இன்று நிற்கும் தென்னை அந்தப் 10 சென்டில் முளைத்தது. தோட்டங்களுக்கோ நில உச்சவரம்பிலிருந்து விலக்கு. தேயிலையைத் துண்டு போட்டால் தொழில் அழியும் என்பது காரணம். தொழிலோடு சேர்ந்து லயத்துக்காரரும் சீர்திருத்தத்துக்கு வெளியே நின்றுவிட்டார்.

அடுத்த ஆண்டே இன்னொரு வாய்ப்பு வந்தது. 1971-ல் கண்ணன் தேவன் மலை நிலங்களை அரசே எடுத்துக்கொள்ளத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. சம்பந்தப்பட்ட நிலம் சுமார் 1.37 லட்சம் ஏக்கர். விவசாய மக்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. 1972-ல் உச்ச நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்றது. 1974-ல் நில வாரியம் கணக்குப் பார்த்து, தேயிலைக்கும் அதைச் சார்ந்த தேவைகளுக்கும் என்று 57,000 ஏக்கருக்கு மேல் கம்பெனிக்கே விட்டுக்கொடுத்தது. எஞ்சியதில் ஒரு பகுதி வரையாடுகளின் இரவிக்குளம் பூங்காவானது. இந்த நில விநியோகங்களுக்குப் பிறகும் கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் லயத்திலேயே இருந்தார்கள்.

சாவிக்கு வாரிசு

ஓய்வு பெறும் நாளில் தொழிலாளியின் கைக்கு வர வேண்டியது பணிக்கொடை. தோட்டத்து மொழியில் சர்வீஸ் பணம். 1972 சட்டம் தந்த உரிமை அது. ஆனால் வீட்டைக் காலி செய்தால்தான் பணம் என்ற வழக்கம் தோட்டங்களில் பரவலாக உண்டு. பணம் வந்தால்தான் வேறு வீடு பார்க்க முடியும். வேறு வீடு கிடைத்தால்தான் இந்த வீட்டை விட முடியும். இந்த வட்டத்துக்குள் மாதக்கணக்கில் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வட்டத்திலிருந்து தப்ப ஒரே வழி, வீட்டில் இன்னொருவர் வேலைக்குப் பெயர் கொடுப்பது. அம்மா ஓய்வு பெறுகிறார் என்றால் மகளோ மருமகளோ மறுநாள் காலை பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் அடுப்பு அதே இடத்தில் எரியும். வீட்டைக் காப்பதற்காக ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்தும் முடிவு எத்தனையோ லயங்களில் எடுக்கப்பட்டிருக்கிறது. பட்டப் படிப்பு முடித்து கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ வேலைக்குப் போன பிள்ளை குடும்பத்துக்குப் பெருமை. அதே பிள்ளை பெற்றோரின் கூரைக்கு ஆபத்தும்கூட.

சொந்த ஊர் என்று ஒன்று இல்லையா என்று கேட்டால் பெயர்கள் வரும். கயத்தாறு, சங்கரன்கோவில், ராஜபாளையம், புளியங்குடி. குலதெய்வக் கோயில் அங்கே இருக்கும். கொடைக்குப் போய் வருவார்கள். தாத்தாவின் அண்ணன் வழிப் பேரன் ஒருவன் இருப்பான். தங்குவதற்கு வீடு இருக்காது. தமிழ்நாட்டில் இவர்கள் மலையாள நாட்டுக்காரர்கள். கேரளத்தில் பாண்டிக்காரர்கள்.

நிலம் இல்லாதவருக்கு அடையாளமும் எஸ்டேட் தயவில்தான். தாழ்த்தப்பட்டோர் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு என்பதால், 1950-க்கு முன்பே முன்னோர் கேரளத்தில் குடியேறியதாக நிரூபித்தால்தான் சாதிச் சான்றிதழ். பட்டா இல்லாத குடும்பத்துக்கு எஸ்டேட்டின் பழைய பதிவேட்டை விட்டால் வேறு சாட்சி ஏது? இது சாமானியரோடு நிற்கவில்லை. 2021-ல் தேவிகுளம் தொகுதியில் வென்ற ஏ. ராஜாவின் தேர்தலை 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி அவர் வெற்றியை உறுதி செய்தது. மதத்தைப் பற்றிய கேள்வியோடு, குடும்பம் எப்போது மலையேறியது என்பதும் அந்த வழக்கில் அலசப்பட்டது.

ஒரு வேலைநிறுத்தம், ஒரு மழை

செப்டம்பர் 2015-ல் மூணாறு நகரம் ஒன்பது நாள் முடங்கியது. போனஸ் 20 சதவீதத்திலிருந்து பாதியாகக் குறைந்ததும் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைக் கிட்ட விடவில்லை. 'பெண்களின் ஒற்றுமை' என்று பொருள்படும் 'பொம்பிளை ஒருமை' என்ற பெயர் நாடெங்கும் தெரிந்தது. அன்றைய நாள் கூலி 232 ரூபாய். போனஸும் கருணைத் தொகையும் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது. பிறகு நடந்த பேச்சில் கூலி 301 ஆனது. லயங்களின் நிலைமையும் அவர்களது குறைகளில் இருந்தது. பணத்துக்குத் தீர்வு வந்தது. வீட்டுக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 6, 2020. இரவிக்குளம் பூங்காவுக்கு அப்பால், ராஜமலைப் பக்கம் உள்ள பெட்டிமுடி. நாள் கணக்கில் கொட்டிய மழையில் மின்சாரம் போய், தொலைபேசியும் ஊமையாகியிருந்தது. இரவு பத்தரை மணிக்கு மேல் மலை இறங்கியது. நான்கு லயங்கள் தூங்கிய நிலையிலேயே புதைந்தன. பெரியவாரைப் பாலம் அடித்துச் செல்லப்பட்டிருந்ததால் ஆம்புலன்ஸ்கள் வழியில் தவித்தன. வெளியுலகுக்குச் செய்தி தெரிந்தது மறுநாள் காலையில்தான். 70 பேர் இறந்தார்கள். அவர்களில் நான்கு பேரின் உடல் கிடைக்கவே இல்லை. தன்னை வளர்த்த வீட்டுக் குழந்தையைத் தேடி ஆற்றோரம் அலைந்த 'குவி' என்ற நாய், எட்டு நாள் கழித்து அந்தக் குழந்தையின் உடல் கிடந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது. இறந்தவர்களில் பலரின் பூர்வீகம் கயத்தாறு.

மறுநாள் இரவு கோழிக்கோட்டில் விமானம் ஓடுபாதையை விட்டுச் சரிந்து விழுந்தது. அங்கே இறந்தவர்களின் குடும்பத்துக்குக் கேரள அரசு அறிவித்தது 10 லட்சம் ரூபாய். பெட்டிமுடிக்கு 5 லட்சம். முதலமைச்சர் மூணாறு வந்தபோது, தொழிலாளர்களுக்கு நிலமும் வீடும் கேட்டு மறியல் செய்ய வந்த பொம்பிளை ஒருமையின் கோமதியைப் போலீஸ் கைது செய்தது.

பெட்டிமுடியில் தப்பிய எட்டுக் குடும்பங்களுக்கு மூணாறுக்கு அருகே குட்டியார்வேலியில் அரசு நிலம் தந்தது. கம்பெனி வீடு கட்டிக் கொடுத்தது. 2021 ஜனவரியில் சாவி கைக்கு வந்தது. அந்த மலையில் கொழுந்து பறித்த பரம்பரையில், தன் பெயரில் வீடு என்று சொல்லிக்கொள்ள அந்தக் குடும்பங்கள் கொடுத்த விலை அது.

மற்ற மலைகளிலும்

இது மூணாறு மட்டும் சார்ந்த கதை இல்லை. வேலை முடிந்தால் வீடு முடியும் என்ற விதி ஒரு மலை முழுவதற்கும் பொருந்தினால் என்ன ஆகும் என்பதைத் திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலை காட்டியது. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த நிலம் அது. 2028-ல் குத்தகை முடியும் நிலையில், 2024-ல் கம்பெனி வெளியேற முடிவு செய்து தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வுக்குக் கையெழுத்து வாங்கியது. தோட்டத்தை அரசின் டான்டீ ஏற்று நடத்த வேண்டும் என்ற கோரிக்கையை அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. சமவெளியில் அரசுக் குடியிருப்பில் வீடு என்றார்கள். நான்கு தலைமுறை குளிரில் வாழ்ந்தவர்களுக்கு வீடு கிடைக்கலாம். பிழைப்பு?

2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகள் சரிந்தபோதும் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகள் மண்ணில் போயின. அங்கே லயத்துக்குப் பெயர் 'பாடி'. பிறகு கல்பற்றாவில் ஒரு எஸ்டேட் நிலத்தையே அரசு கையகப்படுத்தி, குடும்பத்துக்கு 7 சென்டில் ஒரு வீடு என்று நகரியம் கட்டத் தொடங்கியது. 2025 மார்ச்சில் அடிக்கல். தோட்ட நிலத்தைத் தொட முடியாது என்று அரை நூற்றாண்டாகச் சொல்லப்பட்ட காரணம், ஒரு பேரழிவுக்குப் பிறகு எட்டே மாதத்தில் கரைந்தது.

கடல் தாண்டி இலங்கை மலையகத்திலும் இதே லயம், இதே அறை. ஆனால் அங்கே 2015-க்குப் பிறகு, குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலமும் தனி வீடும் என்பது கொள்கை அளவில் ஏற்கப்பட்டது. இந்திய அரசு அங்கே 4,000 வீடுகள் கட்ட உதவியது. 2017-ல் இன்னும் 10,000 வீடுகளை அறிவித்தது. வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. இருந்தாலும் கூரையைப் பழுதுபார்ப்பதிலிருந்து நிலத்தைக் கொடுப்பதற்குப் பேச்சு நகர்ந்திருக்கிறது.

கேரளத்திலும் முயற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. வீடற்றோருக்கான 'லைஃப்' திட்டம் 2017-ல் தொடங்கியது. தோட்ட வரியை நீக்கி 2018-ல் சலுகைகளை அறிவித்தபோது, லயத்துத் தொழிலாளர்களுக்கு அத்திட்டத்தில் வீடு என்பதும் சேர்க்கப்பட்டது. நிலம் எங்கே என்பதில் வண்டி நிற்கிறது. பல தோட்டங்களின் உரிமை குறித்தே அரசுக்கும் கம்பெனிகளுக்கும் வழக்கு. கம்பெனிகளுக்கும் ஒரு நியாயம் உண்டு: ஓய்வு பெற்றவர் அறையை விடாவிட்டால் புதிதாக வருபவரை எங்கே வைப்பது? மூணாறு லயங்களில் இப்போது ஜார்க்கண்ட், அஸ்ஸாம் தொழிலாளர்களும் குடியேறியிருக்கிறார்கள். சரிவுகளில் இனி வீடு கட்டுவது ஆபத்து என்று சூழலியல் அறிஞர்கள் சொல்வதும் உண்மை. ஆனால் அந்த ஆபத்தான சரிவில்தான் லயங்கள் ஏற்கெனவே நிற்கின்றன. பாதுகாப்பான இடத்தில் ஐந்து, பத்து சென்ட் என்பது மலையைப் பங்கு போடுவது ஆகாது. வேலை செய்யும் காலத்திலேயே, கூலியில் ஒரு பகுதி போல, அந்த நிலம் தொழிலாளியின் பெயருக்கு வந்துவிட்டால் சர்வீஸ் பணத்தை யாரும் பிணையாகப் பிடிக்க முடியாது.

டாப் ஸ்டேஷனைத் தாண்டி, பாம்பாடும் சோலையின் இருட்டைக் கடந்தால் தேயிலை முடிந்துவிடுகிறது. கோவிலூரில் படிப்படியாக வெட்டிய வயல்கள். காரட், உருளை, புவிசார் குறியீடு பெற்ற காந்தளூர்-வட்டவடைப் பூண்டு. இங்கே இருப்பவர்களும் தமிழர்கள்தான். பல நூற்றாண்டுகளுக்கு முன் மதுரைப் பக்கமிருந்து வந்த விவசாயிகள் என்பது அவர்கள் வாய்வழக்கு. 2006-ல் அறிவித்த குறிஞ்சிமலைச் சரணாலயத்துக்குள் தங்கள் நிலமும் போய்விடுமோ என்ற பட்டா வழக்கு இவர்களுக்கும் உண்டு. ஆனாலும் ஒரு வித்தியாசம் வெறும் கண்ணுக்கே தெரிகிறது. வட்டவடையில் வேலைக்குப் போக முடியாத கிழவர் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து பூண்டு உரிக்கிறார். யாரும் அவரிடம் சாவி கேட்பதில்லை.

முப்பது கிலோமீட்டர் பின்னால், எஸ்டேட்டில், அதே வயதுக்காரர் வாசலில் உட்கார வேண்டுமென்றால் அவரது மகள் நாளைக் காலை கொழுந்துக் கூடையைத் தூக்க வேண்டும்.